பதிலுக்கு இடம் தரும் சொல்

(நமது ஜமாஅத் நிர்வாகக் குழு நடத்திய வணிகர் மற்றும் பணியாளர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பணியிடத்தில் பொறுப்பில் இருப்பவர் எவ்வாறு பேச வேண்டும் என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் தயங்கினேன். அடக்கத்தால் வந்த தயக்கமன்று. 1984-ஆம் ஆண்டில் ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கட்டிங் பிரிவின் சூப்பர்வைசராகச் சேர்ந்து, 2018-இல் உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்த 34 ஆண்டுகளில் முதல் 12 ஆண்டுகள், எனக்கு நன்றாகப் பேசத் தெரியும் என்ற எண்ணத்திலேயே கழிந்தன. ஷெட்டின் ஒரு மூலையில் என் குரல் எழுந்தால் மறு மூலையில் உள்ளவர் நிமிர்ந்து பார்ப்பார். அதைத்தான் நிர்வாகத் திறமை என்று கருதிக்கொண்டிருந்தேன். இதைச் செயலாளரிடம் சொன்னேன். "அதையே வந்து சொல்லுங்கள் பாய்" என்றார். ஆகவே வந்திருக்கிறேன்.

தலைமை என்றவுடன் பெரிய நிறுவனங்களையே நினைக்க வேண்டாம். பஜாரில் நான்கு பையன்களை வைத்துக் கடை நடத்துபவரும் தலைவர்தான். வளைகுடா நாடு ஒன்றில் பத்துப் பேரை வேலை வாங்கும் ஃபோர்மேனும், பெங்களூரில் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஒரு குழுவுக்குப் பொறுப்பான நம் வீட்டுப் பிள்ளையும் தலைவர்களே. இவர்கள் அனைவருக்கும் பொதுவான நிலை ஒன்று உண்டு. இவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லின் எடை இவர்களுக்குத் தெரிவதில்லை. இருவர் சமமாக அமர்ந்து பேசும்போது ஒருவர் கேலி செய்தால் மற்றவர் சிரிப்பார், அல்லது திருப்பிக் கேலி செய்வார். அதே கேலியை முதலாளி செய்தால் கேட்டவர் இரவு உறங்கமாட்டார். முதலாளியோ அதைச் சொன்ன ஐந்தாம் நிமிடமே மறந்திருப்பார்.

பெரியவர் ஒருவரின் சிறு சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்க முடியும் என்பதற்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுமையுடன் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கேனரித் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று டெனெரிஃப். 1977-ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் டெனெரிஃபின் சிறிய லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்திற்குத் திருப்பி விடப்பட்டன. இட நெருக்கடி மிகுந்தது. நிறுத்தியிருந்த விமானங்கள் பக்கப் பாதையை அடைத்துக்கொண்டதால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து சென்று மறுமுனையில் திரும்ப வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு மூடுபனியும் இறங்கியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கு ஓடுபாதை தெரியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ராடார் கருவியும் அங்கு இல்லை.

ஓடுபாதையின் முனையில் கே.எல்.எம். என்னும் டச்சு நிறுவனத்தின் ஜம்போ விமானம் புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில், பனிக்குள் மறைந்து, பான் அமெரிக்கன் நிறுவனத்தின் மற்றொரு ஜம்போ எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. டச்சு விமானத்தின் தலைமை விமானி சாதாரண மனிதர் அல்லர். அந்த நிறுவனத்தில் ஜம்போ விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பிலிருந்தவர். நிறுவனத்தின் விளம்பரங்களில் இடம்பெற்ற முகம் அவருடையது. பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானியோ அவ்வகை விமானத்திற்குப் புதியவர். விமானப் பணியாளர் தொடர்ந்து வேலை செய்யும் நேரத்திற்குக் கடுமையான வரம்பு இருந்தது. அந்த வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமை விமானிக்கு அவசரம்.

அவர் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டத் தொடங்கியபோது துணை விமானி, இன்னும் அனுமதி கிடைக்கவில்லையே என்று நினைவூட்டினார். தெரியும், கேள் என்றார் தலைமை விமானி. இளையவர் வானொலியில் கேட்டார். புறப்பட்ட பின் செல்ல வேண்டிய வழியைப் பற்றிய விவரம் வந்தது. அது புறப்படுவதற்கான அனுமதி அன்று. ஆயினும் தலைமை விமானி விமானத்தைச் செலுத்தத் தொடங்கிவிட்டார். ஒருமுறை தடுத்த இளையவர் இரண்டாம் முறை தடுக்கவில்லை. காத்திருங்கள் என்று கோபுரம் சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அமெரிக்க விமானம் சொன்னதும் ஒரே நொடியில் மோதி, வானொலியில் இரைச்சலாகக் கேட்டன.

ஒரு வாய்ப்பு அப்போதும் மீதமிருந்தது. ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிக்கிறோம் என்று அமெரிக்க விமானி கோபுரத்திடம் சொன்னது டச்சு விமானத்திலும் கேட்டது. பின்னிருக்கையில் இருந்த விமானப் பொறியாளர் அதைச் சரியாகக் கவனித்துவிட்டார். அப்படியானால் அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியான குரலில் பதில் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதின. டச்சு விமானத்தில் இருந்த 248 பேரும் மாண்டனர். அமெரிக்க விமானத்தில் 335 பேர் இறந்தனர். 61 பேர் மட்டுமே தப்பினர். மொத்தம் 583 உயிர்கள்.

காரணங்கள் பல. பனி ஒரு காரணம். வானொலி இரைச்சல் ஒரு காரணம். இட நெருக்கடி ஒரு காரணம். ஒரு மனிதர் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. அவர் கொடியவரும் அல்லர். பொறியாளரை அவர் திட்டவில்லை. அவருக்குச் சந்தேகம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் உண்மைக்கு மிக அருகில் இருந்த மனிதர் கேள்வி கேட்டும், பெரியவரின் ஒரு சொல் அந்தக் கேள்வியை மூடிவிட்டது என்பதை என்னால் மறக்க இயலவில்லை.

இந்த விபத்தும் இதைப் போன்ற வேறு சில விபத்துகளும் விமானத் துறையைச் சிந்திக்க வைத்தன. 1979-இல் அமெரிக்காவின் நாசா அமைப்பு இதற்காகவே ஆய்வரங்கம் ஒன்றைக் கூட்டியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதுவிதப் பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் தயங்காமல் சொல்வதற்கும், மூத்தவர் அதைக் காதில் வாங்குவதற்கும் அளிக்கப்பட்ட பயிற்சி அது. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயம். வானொலியில் பேசும் முறையும் மாறியது. கோபுரம் அனுமதி தந்தால் வெறுமனே 'சரி' என்று சொன்னால் போதாது; கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

நம் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் 583 பேர் இறக்கப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். ஆயினும் வாய் மூடப்படும் விதம் ஒன்றே என்பதை என் சொந்தத் தவற்றிலிருந்து கற்றேன்.

1996-ஆம் ஆண்டு. ஏற்றுமதிக்கான ஆர்டர் ஒன்று அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. காலணியின் மேற்பகுதியை நாங்கள் அப்பர் என்போம். அதற்குத் தோல் வெட்டுபவர்களில் ஒருவர் வயதில் என்னைவிட மூத்தவர். தோலைத் தடவிப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லக் கூடியவர். ஒரு நாள் அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு தோலில் ஏதோ குறை என்று என்னிடம் எடுத்து வந்தார். நான் பார்த்தேன், பொருட்படுத்த வேண்டிய குறையாகத் தெரியவில்லை. அன்று எனக்கு மேலிருந்து நெருக்கடி. முப்பது பேர் கேட்கும்படி, "சொன்னதை மட்டும் வெட்டு, யோசிப்பதற்கு உனக்குச் சம்பளம் இல்லை" என்று சொன்னேன். அண்ணன் என்று அழைக்க வேண்டியவரை 'நீ' என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் மேசைக்குத் திரும்பினார். வேலை வேகமாக நடந்தது. என் கண்டிப்பு பலித்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

பத்து நாள் கழித்து, அனுப்பிய சரக்கில் ஒரு பகுதி சென்னையில் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டது. இரண்டு லாட் தோல்கள் கலந்துவிட்டன. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும்; பகல் வெளிச்சத்தில் வைத்தால் இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் வேறுபடும். ஒரு ஜோடியில் இரு காலும் ஒத்திருப்பதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. தைத்து முடித்த அப்பரில் அந்தக் குறையைத் திருத்த வழியில்லை. புதிய தோலில் மீண்டும் வெட்டி, மீண்டும் தைக்க வேண்டும்.

அந்த மூத்தவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். நிறம் மாறுவது தெரியுமா என்றேன். "தெரியும் சார். ஜன்னல் பக்கம் வெச்சுப் பார்த்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "சொன்னதை மட்டும் வெட்டச் சொன்னீங்களே சார்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை; குத்தலும் இல்லை. நான் இட்ட கட்டளையை நிறைவேற்றியதாகவே சொன்னார். அதுதான் என்னை அதிகம் சுட்டது.

பண இழப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மாதம் குறித்த அளவை எட்டாததால் தையல் பிரிவுப் பெண்களின் ஊக்கத்தொகை போயிற்று. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பேசியவன் நான், பேசாமல் இருந்தவர் அவர், இழந்தவர்கள் அந்தப் பெண்கள்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் அதே மேசைக்குச் சென்றேன். அதே முப்பது பேர் கேட்கும்படி, "அண்ணே, அன்று நான் பேசியது தவறு. நீங்கள் சொல்வதைக் கேட்கும் நிலையில் நான் இருந்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது" என்றேன். இப்படிச் செய்தால் மரியாதை போய்விடும் என்று சக அதிகாரி ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார். எல்லார் முன்னும் அவமதித்துவிட்டுத் தனியறையில் வருந்துவது கணக்குக்குச் சரியாக வராது என்று எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து எல்லாரும் தாராளமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பல மாதங்கள் எவரும் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடத்தில் மூடிய வாய் திறக்க ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. முதலில் வந்தவர் தையல் பிரிவில் சேர்ந்து சில வாரமே ஆன ஓர் இளம்பெண். ஊசி அளவு தவறாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். ஓடிக்கொண்டிருந்த வரிசையை நிறுத்திப் பார்த்தோம். ஊசி சரியாகவே இருந்தது. அந்தப் பெண்தான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். இருபது நிமிட உற்பத்தி போயிற்று. அந்த வரிசையே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இதற்குத்தானா?" என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "சந்தேகம் வந்தவுடன் சொன்னது நல்லது அம்மா" என்று சொல்லி, எந்தத் தோலுக்கு எந்த ஊசி என்பதை விளக்கினேன். சரியான எச்சரிக்கை தந்தவரைப் பாராட்டுவது எவருக்கும் எளிது. தவறான எச்சரிக்கையோடு வந்தவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் நம்மை எடை போடுகிறார்கள்.

என் பேச்சில் நான் செய்துகொண்ட மாற்றங்கள் சிறியவை. "புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்தினேன். நம் நாட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, புரியாதவரும் தலையாட்டுவார். அதற்குப் பதிலாக, "எப்படிச் செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டேன். விமானிகள் திருப்பிச் சொல்வதைப் போன்றதே இது. ஆனால் அவர்களிடமிருந்து நான் கற்கவில்லை, பின்னாளில் படித்தபோதுதான் ஒற்றுமை தெரிந்தது. அவர்கள் திருப்பிச் சொல்லும்போது, பாதித் தடவை குறை என் விளக்கத்தில்தான் இருந்தது என்பது வெளிப்பட்டது. மற்றொன்று, கெட்ட செய்தி கொண்டு வருபவரிடம் முதல் சொல்லாக "ஏன்?" என்று கேட்பதில்லை என்று உறுதி எடுத்தேன். "இப்போது நிலைமை என்ன?" என்பதே முதல் கேள்வி. 'ஏன்' என்பதை மாலையில் கேட்டாலும் ஓடிவிடாது. காலையிலேயே கேட்டால் வந்தவர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே நேரம் போகும்.

பொறுப்பை ஏற்றுப் பேசுவது குறித்து நம் மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள் பல மேடைகளில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1979 ஆகஸ்டு 10 அன்று அவருடைய பொறுப்பில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றவர் விண்வெளி ஆய்வு அமைப்பின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் வெற்றி கண்டபோது, பத்திரிகையாளர்களிடம் நீங்களே பேசுங்கள் என்று கலாமை அனுப்பியவரும் அவரே. பலரும் இதைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. தோல்வியடைந்த அந்த நாளில் தவான் வேறு விதமாகப் பேசியிருந்தால், அடுத்த ஓராண்டில் அந்தக் குழுவில் எத்தனை பேர் தத்தம் பகுதியில் கண்ட குறையை மறைக்காமல் எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

இன்றைய இளைஞர்களுக்கு எங்கள் காலத்தில் இல்லாத சோதனை ஒன்று உண்டு. கையிலேயே வாட்ஸ்அப் இருக்கிறது. கோபம் வந்தவுடன் இரவு பதினொரு மணிக்கு நாற்பது பேர் உள்ள குழுவில் ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதிவிடுகிறார்கள். ஷெட்டில் நான் கத்தியது காற்றோடு போயிற்று. இது எழுத்தாக நிற்கிறது. திட்டு வாங்கியவரின் மனைவி மக்களும் அதைப் படிக்கிறார்கள். எழுதுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதி வைத்துவிட்டு, காலையில் தேநீர் அருந்தியபின் படித்துப் பார்த்து அனுப்புங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டீர்கள்.

பேசாமல் இருப்பதும் ஒருவகைப் பேச்சே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தோல் வணிகத்தில் உள்ள என் நண்பர் ஒருவர் தம்மிடம் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் வாரம் ஒருமுறை தாமே தொலைபேசியில் பேசினார். சொல்வதற்கு அவரிடம் நல்ல செய்தி ஒன்றும் இல்லை. "முழுச் சம்பளம் தர முடியுமா என்று எனக்கே தெரியவில்லை, இந்த வாரம் இவ்வளவு அனுப்புகிறேன், அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பேசுகிறேன்" என்பார். சனிக்கிழமை தவறாமல் பேசினார். வேறு சிலர், முடிவு தெரிந்த பின் சொல்லலாம் என்று மௌனமாக இருந்தார்கள். அங்கெல்லாம் கடையை விற்கப் போகிறார்கள், ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவியது. கடை திறந்தபோது நண்பரிடம் திரும்பி வராதவர் இருவர் மட்டுமே. அந்த இருவரும் சொல்லிவிட்டே வேறு ஊர் போனார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பாய் எல்லாரையும் கொஞ்சிப் பேசச் சொல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவர் கை வெட்டும் இயந்திரத்தின் கீழே போகும்போது, "தம்பி, சற்று யோசிக்கலாமா" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தொண்டை கிழியக் கத்தத்தான் வேண்டும். நானும் கடைசி நாள் வரை கத்தியிருக்கிறேன். வேலையில் திருட்டுத்தனம் செய்தவரை வெளியே அனுப்பியிருக்கிறேன்; அப்போது சொல்லைச் சுற்றி வளைக்கவில்லை. தெளிவும் கண்டிப்பும் தேவை. கண்டித்த பின்னும் அந்த மனிதர் மறுநாள் என் மேசைக்கு வந்து ஒரு குறையைச் சொல்வாரா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அந்த மூத்த தொழிலாளி 2005-இல் ஓய்வு பெற்றார். அதற்கு ஆறு மாதம் முன்பு ஒரு நாள் பிற்பகல், கையில் வெட்டு அச்சு ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். எங்கள் தொழிலில் அதை 'டை' என்போம். வாசலில் நின்று தயங்கவில்லை. மேசை மீது அதை வைத்து, "சார், இதோட விளிம்பு வளைஞ்சிருக்கு. புது டை வர்ற வரைக்கும் நான் வெட்ட மாட்டேன்" என்றார். எடுத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு வளைவு தெரியவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. அன்று சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போயிற்று.